தூர் கட்டும் நாட்டுப் புற்கள்: சேலம், ஏற்காடு தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருந்தால் போதும், குருவி வரட்டும், பட்டாம்பூச்சி வரட்டும் என்று செம்பருத்தி வைக்கிறோம், இட்லிப்பூ வைக்கிறோம், ஒரு கொய்யாவும் வைக்கிறோம். புல்லை மட்டும் கண்டதும் பிடுங்கிவிடுகிறோம். சேலத்தில் தரிசாகக் கிடந்த மனைகள் ஒவ்வொன்றாக வீடாகிவிட்டன. அந்தத் தரிசின் புல்லை நம்பி இருந்த உயிர்களுக்கு இப்போது போக்கிடம் குறைவு. தோட்டத்தில் ஒரு மூலையையாவது அவற்றுக்குத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தூர் கட்டும் புல் என்று எதைச் சொல்கிறீர்கள்? அருகம்புல்லும் அதுதானா?

இல்லை. அருகு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். தூர் கட்டும் புல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே அடியிலிருந்து பக்கத்தூர்கள் கிளம்பி, ஆண்டுக்கு ஆண்டு குத்து பெருக்கும். நெல்லும் இப்படித்தான் தூர் கட்டுகிறது. ஆனால் நெல் ஒரு போகத்தோடு முடிந்துவிடும், இவை பல ஆண்டு நிற்கும். வெட்டிவேர், எலுமிச்சம்புல், கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், துடைப்பப்புல் எல்லாம் இந்த ரகம். குத்துக்கும் குத்துக்கும் நடுவே வெறும் தரை தெரியும். காடையும் கௌதாரியும் நடப்பதும், அரணை ஓடுவதும், தேரை ஒதுங்குவதும் அந்தச் சந்துகளில்தான். அதனால் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நட்டுவிடாதீர்கள்.

பூச்செடி இருந்தாலே பட்டாம்பூச்சி வருகிறதே, புல் எதற்கு?

பூ தேன் கொடுக்கும், வளர்ந்த பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும். ஆனால் அது முட்டையிட வேண்டுமே? புழு தின்னக்கூடிய இலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் முட்டையிடும். புல்லிலேயே வளரும் புழுக்கள் நம் ஊரில் நிறைய.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். மழைக்கால அந்தியில் விளக்குப் போட்டதும் வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுமே, ஒரு பழுப்பு நிறப் பூச்சி? அந்துப்பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தை எடுப்பார்கள். அது பட்டாம்பூச்சிதான். அந்தி மங்கும் நேரத்தில்தான் அது பறக்கும். பூவுக்கு அது வருவதே அரிது, அழுகிய பழச்சாறுதான் அதற்குப் பிடிக்கும். அதன் புழு பச்சை நிறம், தலையில் இரண்டு சின்னக் கொம்பு, புல் தாளோடு தாளாக நீட்டிப் படுத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சிக்கு இறக்கையின் அடிப்பக்கம் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பதற்கு அந்த வட்டங்கள் மங்கி, இறக்கை முழுக்கச் சருகின் நிறமாகிவிடும். இரண்டும் ஒரே இனம். ஆனால் சருகு நிறத்தில் பிறந்தும், ஒளிய ஒரு சருகு இல்லாமல் பெருக்கி வைத்த தோட்டத்தில் அது என்ன செய்யும்? கொத்துகிற பறவைக்கு எடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பறவைகளில் யாருக்குப் புல் வேண்டும்?

முதலில் சில்லைகளுக்கு. தினைக்குருவி என்றும் சொல்வார்கள். வெண்தொண்டைச் சில்லையும் புள்ளிச் சில்லையும் சேலம் சுற்று வட்டாரத்தில் சாதாரணமாகத் தெரியும். இவற்றின் கட்டையான அலகே புல் விதையை உரிக்க அமைந்தது. ஒரு சில்லை கதிரில் தொற்றும்போது தாள் தரைவரை வளையும். வளைந்த தாளிலேயே நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு மணியாக உருவும். கீழே இன்னொன்று சிந்தியதைப் பொறுக்கும். புள்ளிச் சில்லை நீளப் புல் இலையைக் கிழித்துக்கொண்டு போய் முள் மரத்தில் உருண்டைக் கூடு கட்டும்.

அப்புறம் கதிர்க்குருவி. சாதாக் கதிர்க்குருவி புல் நடுவிலேயே, புல்லாலேயே கூடு பின்னும். தூக்கணாங்குருவிக்கும் நீளமான நார் வேண்டும், ஆனால் அதற்குப் பக்கத்தில் கிணறோ நீர்நிலையோ இருப்பது நல்லது. இவை தவிர, தவிட்டுக்குருவியும் கரிச்சானும் புல்லில் உள்ள பூச்சிக்காக வரும்.

சேலம் சமவெளிக்கு எந்தப் புல் ஏற்றது?

என் முதல் தேர்வு கொழுக்கட்டைப்புல். காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளை ஊட்டி வளர்க்கும் புல் இதுதான். மழை பொய்த்தாலும் தூர் சாகாது, ஒரு நல்ல மழை விழுந்தால் துளிர்த்துவிடும். மூன்றடிக்குள் நிற்கும், முடி முடியாய் நீண்ட கதிர் விடும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புல்லைக் கொண்டுபோய் விதைத்து, அது அங்குள்ள செடிகளை விழுங்குகிறது என்று இப்போது அழித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அதை மேயும் வாயும் உண்டு, தின்னும் புழுவும் உண்டு. நாட்டுப் புல் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்: ஒரு புல் நல்லதா கெட்டதா என்பது அது நிற்கும் மண்ணைப் பொறுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தீவனத்துக்காக வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டைப்புல்லும் தோட்டத்துக்குப் பொருந்தும்.

அடுத்தது ஊசிப்புல். கல்லாங்கரட்டிலும் செம்மண் சரிவிலும் தானாக நிற்பது. ஐப்பசி, கார்த்திகையில் அதன் கதிர்களின் கரும்பழுப்பு வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சடையாகத் தொங்கும். ஒரு விதையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முறுக்கின வால் மெல்லப் பிரிந்து சுழல ஆரம்பிக்கும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஈரமும் வெயிலும் மாறி மாறி வர, இப்படிச் சுழன்று சுழன்றே விதை தன் கூர்முனையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அதே கூர்முனை ஆட்டு ரோமத்திலும் நாய்க் காலிலும் இறங்கும். நாய் வளர்ப்பவர்கள் இதை நடைபாதைப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது துடைப்பப்புல். கெட்டியான, மெல்லிய தாள். சத்தில்லாத செம்மண்ணில்தான் நன்றாக வரும்.

நாணலையும் தர்ப்பையையும் பலர் கேட்கிறார்கள். இரண்டும் நம் புல்தான், அழகும்தான். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு ஓட்டி வெகுதூரம் போகும். வாய்க்கால் கரையோ பெரிய தோப்போ இருந்தால் வைக்கலாம், வீட்டு மனையில் வேண்டாம்.

ஏற்காட்டில் இதே புற்கள் வருமா?

ஊசிப்புல் வரும். கொழுக்கட்டைப்புல் வறண்ட, சூடான இடத்துப் புல். மேலே மூடுபனியிலும் புளிப்பு மண்ணிலும் அதற்கு உற்சாகம் இருக்காது. மலையில் வாசனைப்புல் வகைகள்தான் கைகொடுக்கும். எலுமிச்சம்புல்லின் காட்டு உறவுகள் தென்னிந்திய மலைகளில் இயல்பாகவே வளர்பவை, ஆளுயரம் வளர்ந்து நல்ல கதிரும் விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காடு என்றாலே காப்பியும் சில்வர் ஓக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. காப்பி 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மலையில் காடும் இருந்தது, புல்லும் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வீட்டுக்கூரை வேய்ந்தது இந்த மலைப்புல்லைக் கொண்டுதான். சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு அந்தத் திறந்த வெளியிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1,600 மீட்டருக்கு மேல், காற்று அடிக்கும் இடத்தில் புல் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் தோட்டத்தில் எங்கே வைக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். திறந்த வெயிலில்தான். காப்பி நிழலுக்குள் வைத்தால் தூர் கட்டாது, நெட்டையாகப் போய்ச் சாய்ந்துவிடும்.

வெட்டிவேரும் எலுமிச்சம்புல்லும் இருக்கின்றன. அது போதாதா?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. நம் பக்கம் வளர்க்கும் வெட்டிவேர் பெரும்பாலும் விதை பிடிக்காது. தோட்டத்து எலுமிச்சம்புல்லும் பூப்பது அபூர்வம். இரண்டும் ஒளிய இடம் கொடுக்கும், மண்ணைப் பிடிக்கும். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வேர் இறக்குவதால் மலைச்சரிவில் வரப்பு ஓரம் வைக்க அதற்கு நிகரில்லை. ஆனால் சில்லை வந்து உட்கார்ந்தால் தின்ன ஒரு மணி இருக்காது. கதிர் விடும் புல்லையும் சேர்த்து வையுங்கள். இடையில் ஒரு கைப்பிடி தினையும் சாமையும் தூவிவிட்டால் முதல் ஆண்டே விருந்து.

நர்சரியில் ஊதா நிறத்தில் அழகான புல் தொட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

அது பெரும்பாலும் ஃபவுண்டன் கிராஸ், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஊதா ரகம் அவ்வளவாக விதை போடாது, ஆனால் பச்சை ரகம் ஹவாய் போன்ற இடங்களில் பெரும் களையாகிவிட்டது. வெள்ளைக் கொண்டையுடன் வரும் பம்பாஸ் புல் தென்னமெரிக்காவுடையது. கினியா புல்லும் ஆப்பிரிக்காதான், தீவனத்துக்கு வந்து சாலையோரமெல்லாம் ஏறிவிட்டது. உண்ணிச்செடியும் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான், அது இன்று நம் மலைகளை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். மலையில் வீடு உள்ளவர்கள் தயவுசெய்து இவற்றை வைக்காதீர்கள். உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் காடு.

பாம்பு வராதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. மழுப்பாமல் சொல்கிறேன். வரலாம். புல் இல்லாத வீட்டுக்கும் வருகிறது. பாம்பு புல்லுக்காக வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. சிந்திய கோழித்தீவனம், மூடாத குப்பை, அடுக்கி வைத்து மறந்துபோன செங்கல், விறகுக் குவியல் இவைதான் எலியைக் கூப்பிடுகின்றன.

புல் வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். வாசல், கிணற்றடி, துணி காயப்போடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு குத்துகூட வேண்டாம். நடக்கும் பாதை அகலமாக, தரை தெரியும்படி இருக்கட்டும். இருட்டினால் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. அறுக்கும்போது முழங்கால்வரை பூட்ஸ் போட்டு, முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டு, பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வெட்டிவேரோ எலுமிச்சம்புல்லோ வாசனையால் பாம்பை விரட்டும் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், அது நடக்காது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, நாட்டு வைத்தியம் பார்ப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வழி.

இவ்வளவும் சொன்ன பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால், அல்லது வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இரண்டு மூன்று ஆண்டு கழித்து வையுங்கள். அதுவரை மாடியில் தொட்டியில் வளர்க்கலாம்.

கொசு?

தேங்கிய தண்ணீரில்தான் கொசு பெருகும். பகலில் புல்லில் ஒதுங்கும், அவ்வளவுதான். தொட்டித் தட்டையும் பழைய டயரையும் கவனியுங்கள்.

விதை போடுவதா, தூர் பிரித்து நடுவதா?

வெட்டிவேர், எலுமிச்சம்புல் இரண்டுக்கும் தூர்தான். குத்தைத் தோண்டி, இரண்டு மூன்று தாளும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி கிழித்து, இலையை அரையடிக்கு நறுக்கிவிட்டு நடுங்கள். மற்றவற்றையும் தூர் பிரித்து நட்டால் சீக்கிரம் பிடிக்கும்.

விதையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் பறித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. விதை சில மாதம் உறங்கும். கார்த்திகையில் சேர்த்ததைத் துணிப்பையில் போட்டு உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, அடுத்த ஆடிப்பட்டத்தில் எடுங்கள். பஞ்சும் முடியுமாக இருப்பதால் காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவினால் சீராக விழும். மேலே லேசாக மண் தூவினால் போதும், ஆழமாக மூடினால் வராது. எறும்பு தூக்கிப்போகும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.

நடும் காலம் ஆடிக் கடைசி, ஆவணி. சேலத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால், அப்போது நட்டது ஐப்பசிக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். குத்துக்கு இரண்டடி இடைவெளி கொடுங்கள், துடைப்பப்புல்லுக்கு ஒன்றரை அடி போதும். ஒற்றை ஒற்றையாக அங்கங்கே வைப்பதைவிட ஏழெட்டுக் குத்து சேர்ந்து இருப்பதையே பறவைகள் விரும்புகின்றன.

காட்டிலிருந்து பிடுங்கி வரலாமா?

கூடாது. ஏற்காட்டுச் சாலையின் இரு பக்கமும் பல இடங்களில் காப்புக்காடு. அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். தோட்டம் வைப்பதற்காகக் காட்டைக் குறைப்பது நியாயமும் இல்லை. வீடு கட்டப்போகும் மனை, ரோடு போட மண் வெட்டும் இடம் என்று எப்படியும் அழியப்போகிற புல் நம் ஊரில் எவ்வளவோ இருக்கிறது. சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தீவனப்புல் விதைக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

தண்ணீர், உரம்?

முதல் ஆண்டுக் கோடையில் வாரம் ஒருமுறை. அதன் பிறகு மழை போதும். உரம் வேண்டாம், சாணம்கூட வேண்டாம். சத்து கூடினால் இலை கொழுத்துச் சாயும், கதிர் குறையும்.

செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் மண். அங்கே என்ன வரும்?

மாக்னசைட் கலந்த மண்ணில் பல செடிகள் மஞ்சளித்துப் போகும். வெட்டிவேர் கிட்டத்தட்ட எந்த மண்ணையும் தாங்கும், அதில் ஆரம்பியுங்கள். கொழுக்கட்டைப்புல்லும் காரத்தன்மையைப் பொறுக்கும். சுற்றுமுற்றும் தானாக எந்தப் புல் நிற்கிறது என்று பார்த்து அதையே வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

எப்போது அறுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. நம் பழக்கம், புல் மஞ்சளித்ததும் செத்துவிட்டது என்று அறுத்துத் தள்ளுவது. அது மார்கழி. ஆனால் உயிர்களுக்குப் புல் மிகவும் தேவைப்படும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. விதை கதிரிலேயே நிற்கிறது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு, காய்ந்த நுரைக்கட்டி போல, தாளில் ஒட்டியிருக்கிறது. தூரின் அடியில் சிலந்தியும் வண்டும் கோடையைக் கழிக்கின்றன. மேலே காய்ந்திருந்தாலும் தூர் உயிரோடுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அரிவாள் வைத்தால் நட்டதன் பலன் பாதி போய்விடும்.

எல்லாக் குத்தையும் ஒரே ஆண்டில் அறுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு இந்த ஆண்டு, அடுத்த பங்கு அடுத்த ஆண்டு என்று சுற்றில் விடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை மாசியில் அறுங்கள், வெயிலில் தீப்பிடிக்கும் பயம் உண்டு. தள்ளி இருப்பதை வைகாசி, ஆனிவரை விடலாம். ஆனால் அப்போது கதிர்க்குருவி கூடு கட்டியிருக்கலாம். கருக்கரிவாளை வைக்கும் முன் குத்தை இரு கையாலும் மெல்ல விலக்கிப் பாருங்கள். கூடு இருந்தால் அந்தக் குத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அரையடி உயரம் விட்டு அறுத்தால் தூர் மறுபடி சீக்கிரம் துளிர்க்கும். தரையோடு வழித்தால் சில குத்துகள் பட்டுப்போகும்.

தீ வைத்தால் மழைக்குத் தளதளவென்று வருமே?

துளிர் வரும். முட்டையும் கூட்டுப்புழுவும் போகும். அடிக்கடி எரிந்த இடத்தில் தீயைத் தாங்கும் ஊசிப்புல் மட்டும் மேலோங்கி, மற்றவை ஒதுங்கிவிடும். ஏற்காட்டில் கோடைத் தீ ஒரு தோட்டத்தோடு நிற்பதில்லை. வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா, "என்னங்க, புதர் மண்டிக் கிடக்குதே" என்கிறார். என்ன சொல்வது?

சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. புல் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கல் வரிசை வைத்து, அதற்கு வெளியே இரண்டடி சுத்தமாகப் பெருக்கி வையுங்கள். முன்வரிசையில் குட்டையான புல், பின்னால் உயரமானது. எல்லை தெரிந்தால் வேண்டுமென்றே வளர்ப்பது என்று புரியும். காலையில் சில்லைக் கூட்டம் இறங்கும்போது அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மாடித்தோட்டத்தில் முடியுமா?

பதினைந்து அங்குலத் தொட்டி, பாதி செம்மண், பாதி மணல், அடியில் தண்ணீர் வடியத் துளை. கொழுக்கட்டைப்புல் நன்றாக வரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தூர் பிரித்து மாற்ற வேண்டும். வெட்டிவேர் தொட்டியில் வளரும், ஆனால் வேர் சீக்கிரம் முழுத் தொட்டியையும் நிறைத்துவிடும்.

அறுத்த புல்லை என்ன செய்வது?

உடனே எரு குழியில் போடாதீர்கள். நிழலான மூலையில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வைத்தால், உள்ளே இருக்கும் பூச்சிகள் வெளியேறிப் பக்கத்துக் குத்துகளுக்குப் போய்விடும். அதன் பிறகு பழமரங்களுக்கு மூடாக்கு போடலாம், ஆனால் தண்டை ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஊசிப்புல் மட்டும் விதை உதிர்ந்த பிறகே மூடாக்குக்கு ஆகும், இல்லாவிட்டால் களை எடுக்கும்போது கையில் குத்தும்.